பாலிசி ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? கடைசி வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலை மூன்றாம் வருடம் முடியப் போகிறது. அடுத்து பொதுக் கொள்கையில் முதுகலை, அதாவது எம்.பி.பி. அல்லது அது போன்ற ஒரு பட்டம், படிப்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். ஹார்வர்டு கென்னடி ஸ்கூல், பிரின்ஸ்டன், சிகாகோவின் ஹாரிஸ், பெர்க்லியின் கோல்ட்மன், மிச்சிகனின் ஃபோர்டு என்று பட்டியலும் தயார். கையில் மிச்சம் இருப்பது எட்டு அல்லது பத்துப் பாடங்கள். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகப் பார்க்கப் போகிறோம்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கொள்கை படிக்கப் போகிறோம், அதனால் தலைப்பில் ‘கொள்கை’ என்று வரும் பாடங்களை எல்லாம் எடுத்துவிடுவோம் என்று கிளம்பிவிடுகிறார்கள். கொள்கையைச் சொல்லித்தரத்தான் அந்தப் பள்ளிகளே இருக்கின்றன, இரண்டு வருடம் அதற்காகத்தான். சேர்க்கைக் குழு டிரான்ஸ்கிரிப்டைத் திறந்ததும் தேடுவது வேறொன்றை: முதல் செமஸ்டரிலேயே வரும் பொருளாதாரத்தையும் புள்ளியியலையும் இந்த மாணவரால் சமாளிக்க முடியுமா? உங்கள் ஆர்வம், சேவை, பின்னணி எல்லாவற்றையும் கட்டுரையில் எழுதிக் காட்டிவிடலாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மதிப்பெண் பட்டியல்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசி வருடத்தை அந்தப் பதிலுக்காகச் செலவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

படி 1: முதலில் காலண்டரைப் பாருங்கள்

பாடப் பட்டியலைத் திறப்பதற்கு முன் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பாலிசி ஸ்கூல்களின் கடைசி தேதி டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி வரை வரும். அப்படியானால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில், டிரான்ஸ்கிரிப்டில் மூன்றாம் வருட ஸ்பிரிங் (ஜனவரியில் தொடங்கும் செமஸ்டர்) வரைக்கும்தான் கிரேடு இருக்கும். இடையில் கோடையில் ஏதாவது படித்திருந்தால் அதுவும் வரும். நான்காம் வருட ஃபால் (டிசம்பரில் முடியும் செமஸ்டர்) பாடங்கள் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற குறிப்போடு மட்டும் நிற்கும். ஸ்பிரிங் பாடங்கள் அதில் இருக்கவே இருக்காது.

இந்த ஒரு விஷயம் எல்லாத் திட்டத்தையும் மாற்றிவிடும். ஸ்டாட்டிஸ்டிக்ஸை ஸ்பிரிங்குக்குத் தள்ளினால், குழுவைப் பொறுத்தவரை அதை நீங்கள் படிக்கவே இல்லை. ஃபாலில் எடுத்தால் பாதி பலன் உண்டு. ஜனவரியில் கிரேடு வந்ததும் புதிய டிரான்ஸ்கிரிப்டை அனுப்ப முடிந்தால் முழுப் பலன். மே மாதமே யோசித்துக் கோடையில் முடித்துவிட்டால் கவலையே இல்லை. ஆகவே கணக்கு சார்ந்த பாடங்கள் கோடையிலும் ஃபாலிலும், மனசுக்குப் பிடித்தவை ஸ்பிரிங்கிலும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பட்டம் வாங்கியதும் நேராகப் போகாமல், இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள்தான் பாலிசி ஸ்கூல்களில் அதிகம். பள்ளிகளும் அதை விரும்புகின்றன. உங்கள் திட்டமும் அதுவானால் கடைசி வருடத்தின் எல்லாப் பாடமும் கிரேடோடு தெரியும், அவசரம் குறையும். வரிசை மட்டும் அப்போதும் இதேதான்.

படி 2: உங்கள் டிரான்ஸ்கிரிப்டை அந்நியர் கண்ணால் படியுங்கள்

மாணவர் போர்ட்டலில் இருந்து அதிகாரபூர்வமற்ற டிரான்ஸ்கிரிப்டை இறக்கி அச்செடுங்கள். ஐந்து விஷயங்களை மட்டும் தேடிக் குறியுங்கள்: கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மைக்ரோ எகனாமிக்ஸ், நீளமாக எழுத வைத்த ஒரு பாடம், அரசு எப்படி இயங்குகிறது என்று சொல்லித்தந்த ஒரு பாடம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த வருடம், என்ன கிரேடு என்று எழுதுங்கள்.

காலியாக இருக்கும் இடம் எதுவோ அதுதான் முதல் வேலை. கிரேடு சி-யாக இருக்கும் இடம் அடுத்த வேலை. முதல் வருடத்தில் கால்குலஸில் சி வாங்கியவர் அதே பாடத்தைத் திரும்ப எழுதத் தேவையில்லை. அதற்கு மேல்நிலைப் பாடம் ஒன்றில் ஏ வாங்கினால் பழைய சி பெரும்பாலும் மங்கிவிடும். பள்ளிக்கூடத்திலேயே ஏபி என்ற கல்லூரி அளவுத் தேர்வு எழுதி கிரெடிட் வாங்கியிருந்தால் அது டிரான்ஸ்கிரிப்டில் கிரேடு இல்லாமல் வெறும் கிரெடிட்டாகத்தான் நிற்கும். ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். கல்லூரி அளவில் அதற்கு மேல் ஒன்றாவது வேண்டும்.

படி 3: கணக்குப் பக்கத்தை நிரப்புங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இல்லையென்றால் வேறு எதையும் பார்க்காமல் அதை முதலில் எடுங்கள். எந்தத் துறை நடத்துகிறது என்பது பெரிய விஷயம் இல்லை. பொருளாதாரம், அரசியல் அறிவியல், சமூகவியல், புள்ளியியல் எதுவாகவும் இருக்கலாம். பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். நிகழ்தகவு, கருதுகோள் சோதனை, நம்பக இடைவெளி, கடைசி சில வாரங்களில் ரிக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் முறை) இவ்வளவும் இருந்தால் சரி. சராசரி, வரைபடம் என்று சுற்றிவிட்டு முடிந்துவிடும் பாடமாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது மைக்ரோ எகனாமிக்ஸ். அறிமுகப் பாடம் குறைந்தபட்சத் தேவை. அது ஏற்கெனவே முடிந்திருந்தால் இடைநிலை மைக்ரோவுக்குப் போங்கள். அதில் கால்குலஸ் பயன்படுத்தும் பிரிவு, பயன்படுத்தாத பிரிவு என்று இரண்டு இருந்தால் முதலாவது. ஒரு டிரான்ஸ்கிரிப்டில் மற்ற எல்லாவற்றையும் விட எடை கூடிய பாடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். வரி போட்டால் விலையில் எவ்வளவு பங்கு வாங்குபவர் தலையில் விழும், மானியம் யாரிடம் போய்ச் சேரும், ஆலைப் புகைக்கு என்ன விலை வைப்பது என்று பாலிசி ஸ்கூலின் முதல் செமஸ்டர் முழுக்க இந்தப் பாடத்தின் மேல்தான் ஏறி நிற்கிறது.

கால்குலஸ் ஒரு செமஸ்டர் போதும், பெரும்பாலான எம்.பி.பி. திட்டங்களுக்கு. வகுப்பு தொடங்குமுன் பல பள்ளிகள் மேத் கேம்ப் என்று ஒன்றை நடத்துகின்றன, அங்கே தூசு தட்டிவிடுவார்கள். ஒரு முக்கிய விலக்கு: கென்னடி ஸ்கூலின் எம்.பி.ஏ.-ஐ.டி. (MPA/ID) என்ற, சர்வதேச வளர்ச்சிக்கான பொது நிர்வாகப் படிப்பு. அதற்கு மைக்ரோ, மேக்ரோ, பல மாறி கால்குலஸ் மூன்றும் கட்டாயம். கண்ணில் அது இருந்தால் ஃபாலிலேயே பல மாறி கால்குலஸில் உட்கார்ந்துவிடுங்கள். லீனியர் அல்ஜீப்ராவும் கூட இருந்தால் நல்லது.

இந்த அடித்தளம் இருந்தால் எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரக் கேள்விகளுக்குத் தரவை வைத்துப் பதில் தேடும் புள்ளியியல்) அல்லது ரிக்ரஷனை மையமாக வைத்த ஆய்வுமுறைப் பாடம் எடுங்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் பாலிசி ஸ்கூலில் உங்கள் அன்றாடம் இப்படித்தான் இருக்கும்.

1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரில் இருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் மாற்றம் இல்லை. கூலி ஏறினால் ஆள் குறைப்பார்கள் என்பது பாடப்புத்தகக் கணிப்பு. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரு பக்கத்திலுமாக 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். பகுதிநேரத்தவரைப் பாதி ஆளாக எண்ணினால், நியூ ஜெர்சியில் ஒரு கடைக்குச் சராசரி வேலையாட்கள் 20.44-லிருந்து 21.03 ஆனார்கள். கிழக்குப் பென்சில்வேனியாவில் 23.33-லிருந்து 21.17 ஆகக் குறைந்தார்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 0.6 கூடியது, மறுபக்கம் 2.16 குறைந்தது. இரண்டு மாற்றங்களின் வித்தியாசம் 2.76 என்று கட்டுரையில் வருகிறது, அதன் திட்டப்பிழை, அதாவது அந்த எண் தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு, 1.36.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். 2.76-ஐ 1.36-ஆல் வகுத்தால் இரண்டைச் சற்றே தாண்டும். அது எதைச் சொல்கிறது? பென்சில்வேனியா சரியான ஒப்பீடுதானா? அங்கே அந்த வருடம் வேறு ஏதாவது நடந்திருந்தால்? நியூ ஜெர்சி கடைகள் சட்டம் வருவதை முன்பே அறிந்திருந்தால்? 1994-இல் வெளியான இந்த ஆய்வை வைத்துக் கொள்கை வட்டாரத்தில் வருடக்கணக்காக விவாதம் நடந்தது. 2021-இல் கார்டுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவருக்கு 1.36 என்ற எண் உடனே பேசும். எகனாமெட்ரிக்ஸ் படித்தவர் ஒப்பீட்டின் மேலேயே கேள்வி எழுப்புவார். இரண்டும் படிக்காதவர், கூலி உயர்வு நல்லதா கெட்டதா என்று கருத்து சொல்லிக்கொண்டிருப்பார். சேர்க்கைக் குழுவுக்கு இந்த மூன்று பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

ஒரு வார்த்தை மென்பொருள் பற்றி. ஆர், ஸ்டேட்டா, பைத்தான் மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்து வீட்டுப்பாடம் கொடுக்கும் வகுப்பாகத் தேடுங்கள். மென்பொருளுக்கென்று தனிப் பாடம் எடுத்து ஓர் இடத்தை வீணாக்க வேண்டாம்.

படி 4: கிரேடு பற்றிய பயத்தைச் சரியான இடத்தில் வையுங்கள்

‘இடைநிலை மைக்ரோவில் பி வந்தால் ஜிபிஏ (மொத்தச் சராசரி கிரேடு) குறையுமே’ என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பயம். குறையும்தான். ஆனால் ஏற்கெனவே முப்பது பாடம் முடித்தவருக்கு ஒரு பி-பிளஸால் மொத்த ஜிபிஏ அசைவது நூறில் ஒரு பங்கு இரண்டு பங்குதான். அந்தப் பாடமே இல்லாத டிரான்ஸ்கிரிப்ட் இழப்பது அதைவிட அதிகம். மூன்றாவது முறையாக ஓர் அறிமுக அரசியல் பாடத்தில் வாங்கும் ஏ-யை விட, கால்குலஸோடு கூடிய மைக்ரோவில் பி-பிளஸ் மேல். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

அதே நேரம் மூன்று கடினமான கணக்குப் பாடங்களை ஒரே ஃபாலில் அடுக்க வேண்டாம். விண்ணப்பம், ஜிஆர்இ என்ற முதுகலை நுழைவுத் தேர்வு, கட்டுரைகள் எல்லாமே அதே மூன்று மாதத்தில்தான் வந்து விழும். இரண்டு போதும். மூன்றாவது தேவைப்பட்டால் அதற்குத்தான் கோடை இருக்கிறது.

கணக்கு சார்ந்த எதையும் பாஸ்-ஃபெயில் முறையில் எடுக்காதீர்கள். அந்த முறையில் எடுத்த ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் பார்ப்பவர் மனதில் தோன்றுவது, இவருக்குச் சி வந்திருக்கும் போலிருக்கிறது என்பதுதான். பாஸ்-ஃபெயில் வேண்டுமென்றால் ஓவியத்துக்கும் மட்பாண்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஆர்இ-யைச் சில பள்ளிகள் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன, சில கேட்கின்றன. ஒவ்வொரு பள்ளியின் பக்கத்திலும் அந்த வருட விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் பாடம் குறைவாக உள்ளவர்களுக்கு அதன் கணக்குப் பகுதியான குவான்ட்டில் நல்ல மதிப்பெண் கைகொடுக்கும். பாடத்துக்கு அது மாற்று என்று மட்டும் நம்ப வேண்டாம்.

படி 5: கடிதம் தரக்கூடிய வகுப்பு ஒன்று

பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் ஏ வாங்கினாலும் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியாது. ஃபாலில் பதினைந்து பேர் கொண்ட ஒரு செமினாரில் சேருங்கள். வாராவாரம் பேச வேண்டும், செமஸ்டர் முடிவில் இருபது பக்கக் கட்டுரை எழுத வேண்டும் என்கிற மாதிரி வகுப்பு. செப்டம்பரிலேயே அவருடைய அலுவல் நேரத்தில் போய், விண்ணப்பிக்கப் போவதைச் சொல்லிவிடுங்கள். அக்டோபர் நடுவில் கட்டுரையின் ஒரு வரைவைக் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். நவம்பரில் அவர் கடிதம் எழுத உட்காரும்போது, எழுத ஏதாவது இருக்க வேண்டுமே.

ஏற்கெனவே ஸ்டாட்டிஸ்டிக்ஸோ எகனாமெட்ரிக்ஸோ நடத்திய ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராக இருந்திருந்தால், ஒரு கடிதம் அவரிடமிருந்து வரட்டும். ‘தரவைச் சுத்தம் செய்தார், கேள்வி கேட்டார், தவறைக் கண்டுபிடித்தார்’ என்று அவர் எழுதும் இரண்டு வரி உங்கள் கட்டுரையின் இரண்டு பக்கத்துக்குச் சமம்.

எழுத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. பாலிசி ஸ்கூல்கள் எதிர்பார்ப்பது மெமோ வகை எழுத்து: பிரச்சினை என்ன, வழிகள் என்ன, எது சிறந்தது, ஏன். பிரின்ஸ்டன் விண்ணப்பத்தோடேயே ஒரு பாலிசி மெமோ கேட்கும். அந்த வடிவத்தில் எழுத வைக்கும் வகுப்பு உங்கள் கல்லூரியில் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

படி 6: பொருள் சார்ந்த பாடம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு

சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், வீட்டு வசதி, குடியேற்றம் என்று உங்கள் கட்டுரையில் எதைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அதில் ஒரு பாடம் இருக்கட்டும். அதிலும் எண்ணோடு பேசும் பாடமாகப் பாருங்கள். ‘சுகாதாரமும் சமூகமும்’, ‘சுகாதாரப் பொருளாதாரம்’ என்று இரண்டு இருந்தால் இரண்டாவது. 2008-இல் ஓரிகன் மாநிலம், குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் இருந்த குறைந்த இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. குலுக்கலில் வென்றவர்களையும் வெல்லாதவர்களையும் ஒப்பிட்டதால், காப்பீடு மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்களால் நேராகப் பார்க்க முடிந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளைப் படிக்க வைக்கும் வகுப்புதான் உங்களுக்கு வேண்டியது. அரசின் வரவையும் செலவையும் ஆராயும் பொது நிதி என்ற பாடம் கிடைத்தால், எந்தத் துறைக்காரருக்கும் அது உதவும்.

பொறியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு: எல்லாம் தலைகீழ்

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இந்தப் பக்கம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். உங்கள் கணக்கை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். சந்தேகம் வேறு: இவர் ஏன் இங்கே வருகிறார், இவரால் எழுத முடியுமா? இன்னொரு மெஷின் லேர்னிங் பாடத்தால் இதற்குப் பதில் வராது. அறிமுக மைக்ரோ கட்டாயம், ஏனென்றால் பல பொறியியல் பட்டங்களில் அது இருப்பதில்லை. அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றம் அல்லது அதிகார வர்க்கம் பற்றிய ஓர் அரசியல் பாடம், நீதி அல்லது அரசியல் தத்துவத்தில் ஒன்று, நீண்ட கட்டுரை கேட்கும் ஒரு செமினார். தத்துவ வகுப்பு அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டுக் கேள்வி கொள்கையின் நடுவில் இருக்கிறது, பாலிசி ஸ்கூலிலும் அறவியல் கட்டாயப் பாடமாக வருவதுண்டு.

படி 7: காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

ஓர் அரசியல் அறிவியல் மாணவியை எடுத்துக்கொள்வோம். அறிமுக மைக்ரோவில் பி-பிளஸ், கால்குலஸ் இல்லை, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இல்லை, கட்டுரைப் பாடங்கள் நிறைய. கோடையில் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) கால்குலஸ் ஒன்று, கிரேடோடு. ஃபாலில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இடைநிலை மைக்ரோ, வீட்டு வசதிக் கொள்கை செமினார், பட்டத்துக்குத் தேவையான ஒரு பாடம். ஸ்பிரிங்கில் ரிக்ரஷன், பொது நிதி, கடைசி வருட ஆய்வேடு. ஆய்வேடு எழுத வாய்ப்பிருந்தால் தரவு வைத்து எழுதட்டும், செமினார் கட்டுரையே அதற்கு விதையாகலாம்.

பொருளாதார மாணவருக்கு இது இன்னும் எளிது. எகனாமெட்ரிக்ஸ் முடிந்துவிட்டது என்றால் ஃபாலில் ஒரு அரசியல் பாடமும் ஒரு செமினாரும், மற்றபடி பிடித்ததைப் படிக்கலாம்.

கல்லூரியில் இடமே கிடைக்கவில்லை என்றால்

கம்யூனிட்டி காலேஜ் நல்ல வழி, செலவும் குறைவு. பெர்க்லி எக்ஸ்டென்ஷன், ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் போன்றவை கிரேடோடு ஆன்லைன் பாடம் நடத்துகின்றன. எங்கே படித்தாலும் அந்த இடத்து டிரான்ஸ்கிரிப்டையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் அலட்சியமாகப் படிக்க முடியாது.

யாரும் சேரக்கூடிய ஆன்லைன் வகுப்புகளின் சான்றிதழ்கள் இதற்கு ஒரு படி கீழே. அவற்றிலும் எம்ஐடி நடத்தும் ‘தரவு, பொருளாதாரம், கொள்கை வடிவமைப்பு’ மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தொகுப்பு கொஞ்சம் தனி. கண்காணிப்போடு தேர்வு இருக்கிறது, பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதில் பாடம் எடுத்திருக்கிறார்கள். இந்தியாவில் பட்டம் படித்துக்கொண்டே அமெரிக்கப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு விருப்பப் பாடச் சுதந்திரம் குறைவு. அவர்கள் இதையோ, நேரில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கும், ஐஐடிகளின் ஆன்லைன் திட்டமான என்பிடெல் பாடங்களையோ பிடித்துக்கொள்ளலாம்.

படி 8: எடுத்த பாடத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள்

சில பள்ளிகள் கணக்கு சார்ந்த பாடங்களைத் தனிப் பட்டியலாகக் கேட்கும். பாடப் பெயர், கிரேடு, புத்தகம், என்ன படித்தீர்கள் என்று எழுத வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு வகுப்பின் பாடத்திட்டத்தையும் முதல் வாரமே பிடிஎஃப் ஆகச் சேமித்துவையுங்கள். செமஸ்டர் முடிந்ததும் கல்லூரித் தளத்தில் அது காணாமல் போய்விடும். ‘அரசியல் ஆய்வுமுறை’ என்ற பெயருக்குள் ரிக்ரஷன் ஒளிந்திருந்தால், அதை வெளியே எடுத்துச் சொல்லும் இடமும் இந்தப் பட்டியல்தான்.

விண்ணப்பத்தில் நடப்புப் பாடங்களுக்கும் அடுத்த செமஸ்டர் பாடங்களுக்கும் தனி இடம் இருந்தால் இரண்டையும் நிரப்புங்கள். ஸ்பிரிங்கில் எகனாமெட்ரிக்ஸுக்குப் பதிவு செய்துவிட்டீர்கள் என்பதைக் குழு அறிய வேறு வழி இல்லை. ஃபால் கிரேடு வந்த வாரமே, புதிய டிரான்ஸ்கிரிப்டை ஏற்பீர்களா என்று ஒவ்வொரு சேர்க்கை அலுவலகத்துக்கும் சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏற்பவர்களுக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.

மார்ச்சில் இடம் கிடைத்துவிட்டால், பட்டியலில் எழுதிக் கொடுத்த ஸ்பிரிங் பாடத்தைக் கைவிடாதீர்கள். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் கோடையில் அவர்கள் கைக்குப் போகும். எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.